சிகிரியாவில் படியேற்றிவிட்ட அண்ணாவுக்கு

போன ஆகஸ்டில் அலுவலக நண்பர்களோடு இலங்கை சுற்றினேன். மின்னேரியாக் குளத்தில் யானைக் கூட்டம், எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், எல்லாம் சரி. சிகிரியா பாறைக் கோட்டையில்தான் மாட்டிக்கொண்டேன். சிங்கப் பாதங்களைத் தாண்டி இரும்புப் படியில் பாதி ஏறியதும் கீழே பார்த்துத் தொலைத்தேன். கால் நகரவில்லை. கூட வந்தவர்கள் எப்போதோ உச்சிக்குப் போய் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்!

நீலச் சட்டை அண்ணா, பின்னால் நின்ற நீங்கள்தான் முன்னால் வந்து, "கம்பியை விடாதீங்க, என் செருப்பை மட்டும் பாருங்க" என்று ஒவ்வொரு படியாக ஏற்றினீர்கள். குதிகால் தேய்ந்த அந்த ரப்பர் செருப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மேலே, 5ஆம் நூற்றாண்டில் மன்னன் காசியப்பன் காலத்தில் பாறையில் வெட்டிய குளத்தருகே மூச்சு வாங்கித் திரும்பினால் உங்களைக் காணோம். பெயர்கூடக் கேட்கவில்லை. ரொம்ப நன்றி அண்ணா.