செயலர் ஆண்டறிக்கை: ஆல்ஃபா ரோமியோ பி3 ஆய்வு ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய மோட்டார் வாகன ஆர்வலர்களின் சங்கமாகிய நாம், சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, இவ்வாண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவற்றை ஒரே பந்தயக் காருக்கு ஒதுக்கினோம். விட்டோரியோ யானோ வடிவமைத்து, 1932 ஜூனில் மோன்ஸாவில் நடந்த இத்தாலிய கிராண்ட் பிரீயில் முதன்முதலாகக் களமிறங்கி, இத்தாலிய ஓட்டுநர் நுவோலாரியின் கையில் அன்றே வெற்றி பெற்ற ஆல்ஃபா ரோமியோ பி3 என்னும் ஒற்றை இருக்கைக் கார்தான் அது.

கிராண்ட் பிரீ பந்தயங்களில் ஓட்டுநருடன் மெக்கானிக் அமர்ந்து செல்வது 1925லேயே நின்றுவிட்டபோதிலும், அவருக்குரிய இடம் கார்களில் நெடுநாள் நீடித்தது என்பதிலிருந்து நம் ஆய்வு தொடங்கியது. 1931இல் யானோ உருவாக்கிய டைப் ஏ காரில் இரண்டு எஞ்சின்கள் அருகருகே இருந்தன. ஓட்டுநர் நடுவில் அமர்ந்தார். அந்தக் கார் சிக்கலானதாகவே இருந்தது. பி3இல் யானோ ஒரே எஞ்சினுக்குத் திரும்பினார்: எட்டு சிலிண்டர், 2654 சிசி, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் இரண்டு சூப்பர்சார்ஜர்கள், ஏறத்தாழ 215 குதிரைத்திறன். சிலிண்டர்கள் நான்கு நான்காக இரு தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டுகளை இயக்கும் பற்சக்கரங்கள் அவற்றின் நடுவே வைக்கப்பட்டன.

உறுப்பினர்கள் அதிகம் விவாதித்தது பின்சக்கர இயக்க அமைப்பைத்தான். திருப்பங்களில் இரு பின்சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடந்தரும் டிஃபரன்ஷியல் பின் அச்சில் இல்லாமல் கியர்பாக்ஸுக்கு உடனடியாகப் பின்னால் இருந்தது; அங்கிருந்து இரண்டு ஷாஃப்ட்டுகள் 'வி' வடிவில் விரிந்து, ஒவ்வொன்றும் ஒரு சக்கரத்துக்கு விசையைக் கொண்டு சென்றன. இருக்கையைத் தாழ்த்தவே இவ்வாறு செய்யப்பட்டது எனப் பலர் எண்ணினர். ஆயினும், ஸ்பிரிங்குகள் தாங்காத பின் அச்சின் எடை குறைந்ததே இதன் பெரிய பயன் என்று செயலர் என்ற முறையில் நான் உறுதியாகக் கருதுகிறேன். இயந்திரத் தொழிலறிவுள்ள உறுப்பினர்கள் மரத்தில் செய்துவரும் மாதிரி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதன் முன்பகுதி இன்னும் முடிக்கப்பட வேண்டியுள்ளது.

1935 ஜூலை 28 அன்று நூர்பர்க்ரிங்கில் நடந்த ஜெர்மன் கிராண்ட் பிரீக்குத் தனிக் கூட்டம் ஒதுக்கினோம். அதற்குள் இக்கார் வேகத்தில் ஜெர்மனியின் மெர்சிடிஸ், ஆட்டோ யூனியன் கார்களுக்கு மிகவும் பின்தங்கியிருந்தது. எரிபொருள் நிரப்பும் பம்ப் பழுதாகி, நுவோலாரி இரண்டு நிமிடங்களுக்கு மேல் நிற்கவும் நேர்ந்தது. இருந்தும் அவர் ஒவ்வொருவராக முந்திச் சென்றார். முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் ஓட்டுநர் ஃபான் பிராவ்கிட்ஷின் டயர் கடைசிச் சுற்றில் வெடித்ததும் வெற்றி நுவோலாரியுடையதாயிற்று. அடுத்த நான்கு இடங்களிலும் ஜெர்மானியக் கார்களே வந்தன. டயர் வெடித்ததை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்வது அவருக்கு நியாயம் செய்வதாகாது: அவர் விடாமல் துரத்தியதால்தான் பிராவ்கிட்ஷ் தன் டயர்களைத் தேயவிட்டு ஓட்ட நேர்ந்தது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். மாதிரியை முடிப்பதற்கான செலவுக்கு அனுமதி கோரி, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலர்