ராஜிக்கு, கட்டுப் பிரித்த கையால்

திருச்சி,
ஞாயிறு மதியம்

அன்புள்ள ராஜி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. கோபமெல்லாம் இல்லை. வலது மணிக்கட்டு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. கிணற்றடியில் வழுக்கியது, கையை ஊன்றினேன், அவ்வளவுதான். இப்போது பேனா பிடிக்க முடிகிறது. இவர் நலம், பேரன் நலம், மாடி இன்னும் காலியாகத்தான் கிடக்கிறது.

நின்ற வாக்கில் விழுந்தால் எலும்பு முறியக் கூடாதாம். டாக்டர் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இளவயது எலும்போடு ஒப்பிட்டுச் சொல்லும் டி-ஸ்கோர் எனக்கு மைனஸ் 2.7. மைனஸ் 2.5-க்கு இறங்கினாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு அடர்த்தி குறைந்து எளிதில் முறியும் நோய். கால்சியம் போதவில்லை என்று நினைத்தேன், அது பாதிக் கதைதான். எலும்பை ஒரு வகை செல் கரைத்துக்கொண்டே இருக்கும், இன்னொரு வகை கட்டிக்கொண்டே இருக்கும். மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கரைப்பவற்றின் கை ஓங்குகிறது. வயதோடு கூடும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும், அதாவது ஆக்சிஜனிலிருந்து உருவாகும் சில மூலக்கூறுகள் மிஞ்சிப்போய்ச் செல்களைச் சிதைப்பதும், அவற்றையே தூண்டிவிடுகிறது.

இதைப் படித்ததும் அந்த அழுத்தத்தைத் தணிக்குமென்று ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை வாங்கக் கடைக்கே போய்விட்டேன். நீ ஒரு வருடமாக அதைத்தான் விழுங்குகிறாய் என்று மாலதி சொன்னாள். அதனால்தான் இந்த அவசரம். டப்பாவைத் திருப்பிப் பார், ரெட்டினால் (வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவம்) என்று போட்டிருக்கிறதா? அமெரிக்காவில் மாதவிலக்கு நின்ற நர்சுகள் 72,000 பேருக்கு மேல் 18 வருடம் கவனித்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். ரெட்டினால் அதிகம் சேர்த்தவர்களுக்கு இடுப்பெலும்பு முறிவு கூடியிருந்தது. காய்கீரையில் உள்ள பீட்டா கரோட்டினில் அப்படித் தெரியவில்லை. இரண்டும் வைட்டமின் ஏ கணக்குதான், ஆனால் வித்தியாசத்தைப் பார்.

நம் ஹாஸ்டல் நெல்லி மரத்தை மொட்டையடித்த உனக்கு மாத்திரை எதற்குடி? எலும்புக்குள் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் உறுதிப்பட வைட்டமின் சி வேண்டும். அது நெல்லியிலும் கொய்யாவிலும் கொட்டிக் கிடக்கிறது. அதற்காக நெல்லிக்காயே வைத்தியம் என்று இருந்துவிடாதே. எனக்கு எலும்புக்கென்று தனி மருந்து, கால்சியம், வைட்டமின் டி, தினமும் நடை என்று எழுதித் தந்திருக்கிறார்.

டாக்டர் முதலில் கேட்டது, அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இடுப்பு முறிந்ததுண்டா என்பதுதான். எனக்கு இல்லை என்றேன். சொல்லும்போதே உன் அம்மா கண் முன் வந்துவிட்டார். விழுந்து படுத்தவர் எழவே இல்லையே ராஜி. ஸ்கேனுக்குப் பத்து நிமிடம் போதும், வலியும் கிடையாது. இந்த மாதமே எடுத்துவிடு. அந்த டப்பாவையும் டாக்டரிடம் காட்டு. அடுத்த கடிதத்தில் முதல் வரியிலேயே உன் டி-ஸ்கோர் இருக்க வேண்டும், மற்ற கதையெல்லாம் அப்புறம்.

அன்புடன்,
சாந்தா