நிர்வாகச் செலவுக்கும் பணம் கொடுங்கள்: நிதியுதவி தரும் அறக்கட்டளைகளுக்கு ஒரு திறந்த மடல்

நிதியுதவி தரும் அறக்கட்டளைகளின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆண்டுக்கான விண்ணப்ப அறிவிப்புகள் வரத் தொடங்கிவிட்டன. ஒவ்வொன்றையும் திறந்ததும் நான் முதலில் தேடுவது 'அனுமதிக்கப்படாத செலவுகள்' என்ற பகுதியைத்தான். வாடகை, மின்கட்டணம், காப்பீடு, தணிக்கைக் கட்டணம், அலுவலகச் செலவு எல்லாம் இந்த முறையும் அங்கேயே இருக்கின்றன. இதைப் பற்றி உங்கள் கூட்டங்களில் பேசியிருக்கிறோம், கருத்துக் கேட்புப் படிவங்களில் எழுதியிருக்கிறோம், நீங்களும் புரிகிறது என்று தலையாட்டியிருக்கிறீர்கள். அதனால் அடியிலிருந்து விளக்கப் போவதில்லை. எங்கள் பொருளாளர் பொறுப்பை விட்டு விலகிவிட்டார், அதனால்தான் இதை இப்போது எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடநூல்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பது எங்கள் அமைப்பின் வேலை. சம்பளம் வாங்குபவர் ஒருவரும் கிடையாது. பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து வாசிக்கிறார்கள், தேர்வுக் காலத்தில் மாணவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். உங்களில் ஒரு அறக்கட்டளை ஒலிப்பதிவுக் கருவிகள் வாங்க நிதியுதவி கொடுத்தது. அதற்கு மனமார்ந்த நன்றி, அந்த மைக்குகள் இன்றைக்கும் நன்றாக உழைக்கின்றன. ஆனால் மைக்குக்குப் பணம் உண்டு, மைக் இருக்கும் அறையின் வாடகைக்குக் கிடையாது, மின்சாரத்துக்குக் கிடையாது, பதிவு செய்த கோப்புகளைச் சேமித்து வைக்கும் இணையச் சேவைக்கும் கிடையாது. அவையெல்லாம் 'திட்டம் சாராத செலவு' என்று பதில் வந்தது. அறையும் மின்சாரமும் இல்லாமல் ஒலிப்பதிவுத் திட்டத்தை எங்கே நடத்துவது?

சரி, அதைக்கூட உறுப்பினர் சந்தாவில் சமாளித்தோம். எங்களை உடைத்தது கடைசித் தவணை.

உங்கள் நடைமுறை உங்களுக்கே தெரியும். முதல் தவணை கையில் வரும், மீதியை நாங்கள் முதலில் செலவழித்துவிட்டுக் கணக்குக் காட்டிய பிறகு தருவீர்கள். செலவழிக்கப் பணம் எங்கிருந்து வரும் என்று ஒப்பந்தத்தில் எங்கேயும் இல்லை. பெரிய நிறுவனம் என்றால் இருப்பில் இருந்து எடுத்துக்கொள்ளும். எங்களைப் போன்ற அமைப்பில் யாராவது ஒருவர் கைமாற்றுக் கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கொடுத்தவர் பொருளாளர், தன் வீட்டுச் சேமிப்பிலிருந்து. இது எந்த விதியிலும் இல்லாத ஏற்பாடு. ஆனால் தன்னார்வலர்கள் நடத்தும் அமைப்புகளில் விசாரித்துப் பாருங்கள், பாதிப் பேர் இப்படித்தான் என்று சொல்வார்கள்.

திட்டம் முடிந்தது, அறிக்கை அனுப்பினோம். தணிக்கையாளர் சான்று வேண்டும் என்றார்கள், நியாயம்தான், பணம் கொடுத்தவர் கேட்கத்தான் செய்வார். ஆனால் அந்தச் சான்றுக்கு ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டிய கட்டணம் அனுமதிக்கப்படாத செலவு! சான்று இல்லாவிட்டால் தவணை இல்லை, சான்று வாங்கும் பணம் தவணையிலும் இல்லை. அதையும் பொருளாளரே கொடுத்தார். அப்புறம் ஒரு நீண்ட மௌனம். பல மாதம் கழித்து ஒரு மின்னஞ்சல்: எல்லா பில்களின் அசலும் வேண்டும்.

கடைகளில் இப்போது கொடுக்கும் பில் பெரும்பாலும் வெப்பத்தில் அச்சாகும் வழவழப்பான தாள். வெயிலோ சூடோ பட்டால் எழுத்து மங்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் மங்கும். பொருளாளர் ஒவ்வொரு பில்லையும் தேதி வாரியாகப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார், இதைவிட ஒழுங்காக யாரும் வைத்திருக்க முடியாது. எடுத்துப் பார்த்தால் பல தாள்கள் வெறும் வெள்ளை. ஒளிநகல் இருந்தது, வங்கிக் கணக்கில் பணம் போன பதிவு இருந்தது, வாங்கிய கருவிகள் கண்ணெதிரே இருந்தன, தணிக்கையாளரும் எல்லாவற்றையும் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அசல் படிக்கும்படியாக இல்லை என்று அந்தத் தொகையைக் கழித்துவிட்டார்கள். இழப்பு அமைப்புக்கு இல்லை, அந்த மனிதருக்கு. கணக்கை ஒப்படைத்துவிட்டு, வருத்தப்படாதீர்கள் என்று எங்களுக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு வர இப்போது யாரும் தயாராக இல்லை. எந்த முகத்தோடு நான் இன்னொருவரைக் கேட்பது?

கணக்குக் கேட்பதை நான் குறை சொல்லவில்லை. கணக்கு எழுதவும், பில்களை ஸ்கேன் செய்து பாதுகாக்கவும், தணிக்கை செய்யவும் ஆகும் செலவு வேலையின் ஒரு பகுதி. அதற்கும் பணம் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்த குறையும் இல்லை. உங்கள் துறைக்குள்ளேயே பல ஆண்டுகளாகப் பேசப்படுவதுதான். நிர்வாகச் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்று கொடுப்பவர் எதிர்பார்க்கிறார், வாங்குபவர் அதற்குப் பயந்து உண்மைச் செலவைக் குறைத்துக் காட்டுகிறார், அந்தக் குறைந்த எண்ணைப் பார்த்து அடுத்த முறை இன்னும் குறைவாக எதிர்பார்க்கிறார்கள். இந்தப் பட்டினிச் சுழற்சியை 2009-லேயே ஸ்டான்ஃபோர்ட் சோஷியல் இன்னொவேஷன் ரிவ்யூ இதழ் விரிவாக எழுதிவிட்டது. 2013-இல் அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் கைட்ஸ்டார், சாரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து, நிர்வாகச் செலவு விழுக்காட்டை மட்டும் வைத்து ஒரு அமைப்பை எடை போடாதீர்கள் என்று நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதின. ஃபோர்டு அறக்கட்டளை தன் திட்ட நிதியில் நிர்வாகச் செலவுக்கான பங்கை 10 விழுக்காட்டிலிருந்து 20 ஆக உயர்த்துவதாக 2015-இல் அறிவித்தது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசின் நிதியுதவி விதிகளில், அரசோடு தனியாகப் பேசி விகிதம் முடிவு செய்துகொள்ளாத சிறிய அமைப்புகூட 10 விழுக்காடு வரை மறைமுகச் செலவாக, அதாவது வாடகை, கணக்கு போன்ற பொதுச் செலவாக, எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, 2024 அக்டோபரில் அதை 15 ஆக்கினார்கள். இந்தியாவில் வெளிநாட்டு நிதிச் சட்டத்தை 2020-இல் திருத்தி நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தபோது அது எத்தனை அமைப்புகளை நெருக்கியது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கடுமையான சட்டம்கூட 20 வரை விடுகிறது. உங்கள் படிவத்தில் இருப்பது பூஜ்யம்.

முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது நூற்றுக்கணக்கான அறக்கட்டளைகள் நிபந்தனைகளைத் தளர்த்துகிறோம், ஏற்கெனவே கொடுத்த திட்டப் பணத்தையும் பொதுச் செலவுக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்று உறுதிமொழியில் கையெழுத்திட்டன. நிபந்தனை தளர்ந்ததும் தொண்டு நிறுவனங்கள் எல்லாம் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடிவிடவில்லை. அவசரத்தில் நம்ப முடிந்தவர்களை மற்ற நாட்களில் ஏன் நம்ப முடியவில்லை?

இன்னொரு விஷயம் மனதை நிஜமாகவே வலிக்க வைக்கிறது. உங்களில் பலர் அமைப்பின் சொந்தப் பங்களிப்பு இவ்வளவு விழுக்காடு வேண்டும் என்று கேட்கிறீர்கள். எங்கள் பங்களிப்பு உழைப்பு. ஒரு அறிவியல் பாடநூலை வாசிப்பது கதைப் புத்தகம் வாசிப்பது போல இல்லை. ஒவ்வொரு படத்தையும் வரைபடத்தையும் அட்டவணையையும் பார்க்க முடியாத ஒருவருக்குப் புரிகிற மாதிரி சொற்களில் விவரிக்க வேண்டும், அதைப் பாடம் தெரிந்தவர்தான் செய்ய முடியும். அந்த மணி நேரங்களைக் கணக்கில் காட்டினால் 'ரொக்கம் மட்டுமே' என்று அடித்துவிடுகிறீர்கள். தன்னார்வ உழைப்பை எப்படி அளப்பது, பண மதிப்பாக எப்படிக் கணக்கிடுவது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-லேயே ஒரு கையேடு போட்டிருக்கிறது. மேலே சொன்ன அமெரிக்க விதிகளும் தன்னார்வலர் உழைப்பைப் பங்களிப்பாக ஏற்கின்றன. உங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் மட்டும் எங்கள் தன்னார்வலர்களின் படம் இருக்கிறது. படத்துக்குத் தேவைப்படுகிற உழைப்பு கணக்குக்கு மட்டும் ஏன் ஆகாது?

எழுத ஆரம்பித்தால் நிறைய வருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வேலையைத் தொடரப் பணம் கேட்டால் 'புதுமை எங்கே' என்று கேட்கிறீர்கள். பாடநூல் மாறும்போதெல்லாம் மறுபடி வாசித்தாக வேண்டும், அதில் புதுமை இல்லை, தேவை இருக்கிறது. லாக் ஃப்ரேம் (திட்டத்தின் நோக்கம், செயல், விளைவு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் காட்டுவது), தாக்க அளவீடு, இடர் மதிப்பீடு என்று ஒரு சின்னத் தொகைக்கு ஒரு புத்தகம் அளவுக்கு விண்ணப்பம். அதற்கென்றே ஆள் வைத்திருக்கிற நிறுவனத்துக்கும் எங்களுக்கும் ஒரே படிவம், ஒரே கெடு. நிராகரித்தால் காரணம் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த முறை திருத்திக்கொள்வோமே.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் நல்ல மனதோடு வேலை செய்பவர்கள் பலர் இருக்கிறார்கள், எங்கள் அறைக்கு வந்து உட்கார்ந்து மாணவர்களோடு பேசிவிட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள், அவர்களை மனதில் வைத்துத்தான் கேட்கிறேன். இந்த ஆண்டு அறிவிப்பில் ஒன்றிரண்டு விதிகளைத் திருத்துங்கள். கொடுக்கிற தொகையில் 15 விழுக்காட்டையாவது வாடகை, மின்சாரம், தணிக்கை, கணக்குப் பராமரிப்பு ஆகியவற்றுக்குச் செலவழிக்கலாம் என்று எழுதுங்கள், அந்தப் பங்கை முதல் தவணையோடு சேர்த்தே கொடுங்கள். ஸ்கேன் செய்த பில்லையும் வங்கிப் பதிவையும் தணிக்கையாளர் ஏற்றுக்கொண்டிருந்தால் நீங்களும் ஏற்றுக்கொள்ளுங்கள். இதற்குக் கூடுதலாக உங்களுக்கு ஒரு காசும் ஆகாது, கொடுக்கிற அதே தொகைதான்.

விண்ணப்பக் கெடு முடிவதற்குள் இதற்கு ஒரு பதில் எழுதினால் நன்றியோடு இருப்போம். விதி மாறினால் விண்ணப்பிப்போம். மாறாவிட்டால் இந்த முறை எங்களிடமிருந்து விண்ணப்பம் வராது. இன்னொருவரின் வீட்டுச் சேமிப்பை நம்பி ஒரு திட்டத்தை ஒப்புக்கொள்ள எங்கள் செயற்குழுவில் யாருக்கும் மனம் வரவில்லை.

இப்படிக்கு,
தன்னார்வலர்கள் நடத்தும் அமைப்பு ஒன்றின் செயலாளர்