அப்பீல் போங்க, ஆனா அது முடியற வரைக்கும் சம்பளத்தை குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஒழுங்கு நடவடிக்கை கேஸ்ல ஒரு அரசு ஊழியர் ஹைகோர்ட்ல ஜெயிச்சிட்டா அரசு அதுக்கு மேல அப்பீலே போகக்கூடாதுன்னு போன இதழ்ல வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தார். அவர் கோபம் எனக்கு நல்லா புரியுது, ஆனா அந்த முடிவை என்னால ஒத்துக்க முடியல. நான் ஒரு துறையில எஸ்டாபிளிஷ்மென்ட் செக்‌ஷன்ல ரொம்ப வருஷம் இருந்து கண்காணிப்பாளரா ரிட்டையர் ஆனவன், 17(பி) சார்ஜ் ஃபைலோடயே, அதாவது அரசு ஊழியர் ஒழுங்கு விதியில பெரிய தண்டனைக்கான குற்றச்சாட்டு ஃபைலோடயே வாழ்ந்தவன், அதனால எழுதறேன்.

அரசுக்கு அப்பீல் உரிமை வேணும். ஏன்னா பட்டா மாத்த லஞ்சம் கேட்டான்னு புகார் குடுத்த ஒரு விவசாயி இருக்காரே, அந்த அதிகாரியோட டிஸ்மிஸ் ஆர்டரை கோர்ட் ரத்து பண்ணா அவரால அப்பீல் போக முடியாது, சர்வீஸ் மேட்டர்ல மூணாவது ஆளுக்கு இடமில்லன்னு சொல்லிடுவாங்க. அரசு போகலன்னா அவருக்காக யாரும் போகப் போறதில்ல. அதுவும் இல்லாம, துறை விசாரணையில வந்த சாட்சியத்தை கோர்ட் மறுபடி எடை போடக்கூடாது, தண்டனை மனசாட்சியை உலுக்கற மாதிரி இருந்தாத்தான் கை வைக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 1995-லயே பி.சி. சதுர்வேதி கேஸ்ல சொல்லிடுச்சு. ஹைகோர்ட் தனி நீதிபதி அந்த எல்லையை தாண்டினா, அங்கயே ரெண்டு நீதிபதி உக்கார்ற டிவிஷன் பெஞ்சுக்கு போறதுதான் சரி.

ஆனா நடக்கறது வேற. ஆர்டர் காப்பி தபால்ல வரும், நம்பர் போட்டு செக்‌ஷனுக்கு வரும், மாவட்டத்துல இருந்து ஆணையர் ஆபீஸ், அங்கிருந்து தலைமைச் செயலகம், சட்டத்துறை, அரசு வக்கீல் ஒபினியன், திரும்ப அதே வழியில கீழ. டிவிஷன் பெஞ்சுக்கு போற இந்த ரிட் அப்பீலுக்கு இருக்கறது 30 நாள், ஃபைல் அதுக்குள்ள பாதி தூரம்கூட போயிருக்காது. அந்த ஊழியர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துட்டு, ஆர்டரை மதிக்கலன்னு கோர்ட் அவமதிப்பு கேஸ் (கன்டெம்ப்ட்) போடுவார், நோட்டீஸ் அதிகாரி பேருக்கே வரும், அன்னைக்குத்தான் எல்லாருக்கும் முழிப்பு வரும், ராத்திரியோட ராத்திரியா தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனுவோட அப்பீல் தாக்கல் ஆகும். பெரிய கைக்காரன் கேஸா இருந்தா அப்பீல் அந்த தாமதத்துலயே தள்ளுபடி ஆகி அவன் அரியரோட சீட்டுக்கு வந்து உக்காருவான், சின்ன ஆள் கேஸா இருந்தா சுப்ரீம் கோர்ட் வரைக்கும் விடாம இழுப்பாங்க. 2020-ல மத்தியப் பிரதேச அரசு 663 நாள் லேட்டா ஒரு அப்பீலோட போனப்ப சுப்ரீம் கோர்ட் இதுக்கு 'சர்ட்டிஃபிகேட் கேஸ்'னே பேர் வச்சுது, தள்ளுபடின்னு ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கி ஃபைல்ல வச்சுக்கத்தான் வர்றீங்கன்னு, 25,000 ரூபாய் அபராதமும் போட்டுது.

எங்க ஆபீஸ்ல ஒரு ரெக்கார்ட் கிளார்க். ஒரு சாட்சியைக்கூட நேர்ல விசாரிக்காம குற்றச்சாட்டு நிரூபணம்னு எழுதி வேலையை விட்டு நீக்கிட்டாங்க. சஸ்பென்ஷன்லயாவது பிழைப்பூதியம் வரும், நீக்கிட்டா அதுவும் நின்னுடும். கேஸ் ஜெயிச்சு ஆர்டர் காப்பியை லேமினேட் பண்ணி எடுத்துட்டு வந்தார், அதுமேல சீல் குத்த முடியலன்னு வேற காப்பி கேட்டு திருப்பி அனுப்பினாங்க. அடுத்த தடவை வந்தப்ப அப்பீல் போட்டாச்சுப்பான்னு பதில். ஸ்டே வாங்கிட்டாங்களா சார்னு கேட்டார். வாங்கல. அப்ப ஏன் சார் என்னை சேர்க்கலன்னார். அவர் கேட்டதுதான் சட்டம், அப்பீல் போட்டதாலயே ஸ்டே ஆகிடாது, அதுலயும் அது கோர்ட்ல தாக்கல் ஆனதோட சரி, இன்னும் கேஸ் நம்பர் கூட ஆகாம எஸ்.ஆர். ஸ்டேஜ்லதான் கிடந்துச்சு. அப்பீல் முடிவுக்கு கட்டுப்பட்டதுன்னு போட்டு ஜாயின் பண்ண விடலாம்னு நான் நோட் எழுதி வச்சேன், ஃபைல் முடிவு எதுவும் இல்லாம, நேர்ல வந்து 'பேசவும்'னு மேலதிகாரி எழுதி திரும்பி வந்துச்சு. கடைசியில அப்பீல் தள்ளுபடி ஆச்சு, அதுக்குள்ள அவருக்கு ஓய்வு வயசும் வந்துடுச்சு. அரியர் மொத்தமா வந்துச்சு, ஆனா அவர் பொண்ணு பிளஸ் டூவோட படிப்பை நிறுத்தி சில வருஷம் ஆகியிருந்துச்சு.

இதுக்கு வழி நம்ம நாட்டு சட்டத்துலயே இருக்கு. 1984-ல தொழில் தகராறு சட்டத்துல 17பி-ன்னு ஒரு பிரிவு அமலுக்கு வந்துச்சு (நான் மேல சொன்ன 17(பி) வேற), 2025-ல அந்த சட்டத்துக்கு பதிலா வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்புலயும் இதே ஏற்பாடு இருக்கு. தொழிலாளியை மறுபடி வேலைக்கு எடுக்கணும்னு லேபர் கோர்ட் சொல்லி, முதலாளி ஹைகோர்ட்டுக்கோ சுப்ரீம் கோர்ட்டுக்கோ போனா, அந்த கேஸ் முடியற வரைக்கும் தொழிலாளி கடைசியா வாங்கின முழு சம்பளத்தை முதலாளி குடுத்துட்டே இருக்கணும், வேற எங்கயும் வேலை பார்க்கலன்னு தொழிலாளி ஒரு அஃபிடவிட் குடுத்தா போதும். முதலாளியோட உரிமையும் போகல, எதிர்ல நிக்கறவர் வீட்டுல அடுப்பும் அணையல. ஒரு மில்லு முதலாளிக்கு போட்ட இந்த நிபந்தனை அரசாங்கம்ங்கற முதலாளிக்கு மட்டும் ஏன் இல்ல?

மாசா மாசம் சம்பளமும் குடுத்துட்டு அப்பீலும் நடத்தணும்னா, இந்த கேஸ் தேறுமான்னு துறை முதல்லயே யோசிக்கும், அந்த 30 நாளுக்குள்ளயே யோசிக்கும். அப்பீல் போகலாம்னு எந்த அதிகாரி எந்த காரணத்துக்காக முடிவு பண்ணார்னு அவர் பேரோட ஃபைல்ல எழுதவும் வைக்கணும். இப்ப பத்து பேர் இனிஷியல் போட்டிருப்பாங்க, கேட்டா ஒருத்தரும் பொறுப்பில்ல. ஒழுங்கு நடவடிக்கையை ஆறு மாசத்துக்குள்ள முடிக்கப் பாருங்க, மிஞ்சிப்போனா ஒரு வருஷம்னு 2015-ல பிரேம்நாத் பாலி கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொன்னதையே நம்ம துறைகள் மதிக்கறதில்ல, இதுல அப்பீலுக்கு வேற தனியா வருஷக்கணக்கு.

இதுக்கு சட்டசபையில மசோதா கூட வேண்டாம், அரசியல் சட்டம் 309-வது பிரிவுப்படி அரசே விதியை திருத்தி ஒரு ஜி.ஓ. போட்டுடலாம். சங்கங்கள் பழைய பென்ஷனுக்கு போராடறாங்க, ரொம்ப நியாயம், நானும் போய் உக்காந்திருக்கேன். ஆனா அவங்க கோரிக்கை பட்டியல் எதுலயும் இதை நான் பார்த்ததில்ல, அடுத்த பட்டியல்ல இதையும் ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்க பத்திரிகை மூலமா கேட்டுக்கறேன்.

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர்,
திருச்சி