பாடசாலைப் பட்டறையும் ஆடிக் காற்றும்

ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் பகுதிப் பாடசாலையொன்றில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்காக 60 அடி நீளம், 40 அடி அகலத்தில் இரும்புப் பட்டறை கட்டப்போகிறார்கள். பழைய மாணவர்கள் பணம் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். 2013இல் ஆரம்பிக்கப்பட்ட பிரிவு இது. இரும்பைச் சுழற்றிக் கடையும் லேத் மெஷினைப் புத்தகத்துப் படத்தில் மட்டும் பார்த்த பிள்ளைகள் இன்றும் தோட்டப்புறத்தில் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டடம் வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை.

என் பேச்சு அறிவித்தல் பலகையில் ஒட்டியிருக்கும் வரைபடத்தைப் பற்றியது. நான் தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்து, பிறகு ஹட்டனில் வெல்டிங் பட்டறை வைத்திருந்தவன். அந்தப் படத்தைப் பார்த்தால், கீழே சமவெளியில் லொறி நிறுத்தப் போட்ட ஷெட்டை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தமாதிரி இருக்கிறது. மூன்று பக்கம் தகடு. பள்ளத்தாக்கைப் பார்த்த 60 அடிப் பக்கம் முழுக்கத் திறப்பு. நன்கொடையாளர் பெயர்ப்பலகைக்குத் தனியாக ஒரு படமே வரைந்திருக்கிறார்கள். அத்திவாரத்துக்கு ஒரே ஒரு வரிதான்: இரண்டடிச் சதுரக் குழி, இரண்டடி ஆழம்.

தூண் என்றால் பாரத்தைக் கீழே இறக்குவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். செங்கல் வீட்டுக்கு அது சரி. தகரக் கூரை போட்ட ஷெட்டில், காற்றடிக்கும் நேரத்தில், தூணின் வேலை கூரையைக் கீழே இழுத்துப் பிடிப்பது. மேலே ஓடும் காற்று கூரையை உறிஞ்சும். திறந்த பக்கத்தால் நுழைந்த காற்று வெளியே போக வழியில்லாமல் உள்ளேயிருந்து தள்ளும். இரண்டும் ஒரே திசையில்தான் வேலை செய்யும்.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 120 கிலோமீற்றர் காற்று ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 68 கிலோ அழுத்தம் கொடுக்கும். இந்தக் கூரை கிட்டத்தட்ட 223 சதுர மீற்றர். அப்படியென்றால் மேல்நோக்கி 15 தொன். கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டம் (ட்ரஸ்), அதன் மேல் குறுக்கே ஓடும் இரும்பு (பேர்லின்), தகடு எல்லாம் சேர்த்து 5 தொன் வந்தால் அதிகம். மிச்சம் 10 தொன்னைப் பத்துத் தூண்களுக்குப் பிரித்தால் தூணுக்கு ஒரு தொன். படத்திலுள்ள குழியில் கொட்டும் கொங்கிறீட்டோ அரைத் தொன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சுற்றியுள்ள மண்ணின் பிடிப்பை நம்பலாம் என்பார்கள். ஒரு மாதம் விடாமல் மழை பெய்த மண்ணுக்கு என்ன பிடிப்பு இருக்கிறது? பக்கத்துத் தோட்டமொன்றில் உரம் வைத்த ஷெட் போனபோது நான் போய்ப் பார்த்தேன். தகடு கிழியவில்லை, போல்ட் அறவில்லை. தூண்கள் அடியிலிருந்த கொங்கிறீட் கட்டியோடு கரட் பிடுங்கினாற்போல வெளியே வந்து கிடந்தன.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்த பிறகு, கட்டடங்களுக்காக நாட்டை மூன்று காற்று வலயங்களாகப் பிரித்தார்கள். மலையகம் காற்றுக் குறைந்த வலயத்தில்தான் விழுகிறது. அதைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்த்தார் ஒருவர். அந்த வலயத்துக்குச் சொன்ன காற்று வேகம் சமதரைக்குரியது. மலைமுகட்டில் ஏறும் காற்று நெருக்குப்பட்டு வேகம் கூடும். அதை வடிவமைப்பில் தனியாகப் பெருக்கிச் சேர்க்க வேண்டும். இந்தப் பாடசாலை நிற்பது முகட்டில்.

அடுத்தது, 40 அடி ட்ரஸ்ஸை ஒரே துண்டாகக் கொழும்பில் செய்து கொண்டுவரும் யோசனை. நம் தோட்டத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் 20 அடி லொறியே பின்னுக்கு எடுத்து எடுத்துத்தான் திரும்புகிறது. பாதியில் வெட்டி, மேலே கொண்டுவந்து வெல்டிங் பிடிப்போம் என்றால், பனி மூட்டத்தில் ஈரமான வெல்டிங் குச்சியால் பிடித்த வெல்டிங்கை நான் நம்பமாட்டேன். துத்தநாகம் பூசிய இரும்பென்றால் வெல்டிங் பட்ட இடத்தில் பூச்சு எரிந்து, துரு அங்கேயிருந்துதான் தொடங்கும். படத்திலேயே இரண்டு பாதியாக வரைந்து, முனைத் தகடு வைத்துத் துளையிட்டு, மேலே போல்ட் மட்டும் முறுக்குவதுதான் முறை. ஹட்டனுக்கு ரயில் வந்தது 1884இல். அந்தக் காலத்து ஸ்டோர் இரும்பெல்லாம் துண்டுதுண்டாக வந்து இங்கே பூட்டியதுதான். இன்னும் நிற்கிறது.

நிலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரிவை ஒரு பக்கம் வெட்டி, வெட்டிய மண்ணை மறுபக்கம் கொட்டித்தான் தளம் எடுக்கப்போகிறார்கள். பாதித் தூண்கள் வெட்டிய தரையில், மீதி கொட்டிய மண்ணில். கொட்டிய மண் இறங்கும், மற்றது இறங்காது. நுவரெலியா மாவட்டத்தில் கட்ட, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அனுமதி வேண்டும் என்பது தெரிந்ததே. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவைப் பார்த்த சனம் நாங்கள். “கட்டிவிட்டு அனுமதி எடுத்துக்கொள்ளலாம்” என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னாராம். மழைத்தண்ணீருக்குப் படத்தில் பீலி இருக்கிறது. அந்தப் பீலித் தண்ணீர் எங்கே போகும் என்று இல்லை. கீழே தொழிலாளர் குடியிருக்கும் லயம் இருக்கிறது.

உள்ளே வைக்கும் சாமான் பற்றி அதிகம் சொல்லவில்லை. லேத் மெஷினை சாதாரண டியூப் லைட்டின் கீழ் மட்டும் வைக்காதீர்கள். மின்னோட்டத்தோடு சேர்ந்து வெளிச்சம் விட்டுவிட்டு வருவதால், இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக் சில வேகங்களில் நிற்பதுபோலத் தெரியும், பிள்ளை கையை வைத்துவிடும். கூரைத் தகட்டுக்கு அடியில் காப்புத் தாள் போடாவிட்டால் மழையில் ஆசிரியரின் குரல் கேட்காது, காலையில் பனிநீர் மெஷினில் சொட்டும்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். பட்டயப் பொறியியலாளர் ஒருவர் காற்றுக் கணக்கோடு கையெழுத்திட்ட படம் கைக்கு வரும்வரை இரும்புக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். திறந்த பக்கத்தை மூடி, இரண்டு ரோலர் கதவு வையுங்கள். அதற்குக் காசு போதாதென்றால் நீளத்தில் 15 அடியைக் குறையுங்கள். மூலைக்கு மூலை குறுக்குக் கட்டும் அத்திவாரமும் குறையக்கூடாது. குழி வெட்டும் நாளில் அளவு பிடித்துப் பார்க்க நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் ஃபிட்டர்,
வட்டவளை.