இக்னிஷன், பியூட்டேன், ஜின்காட்டி குழுவினருக்கு நன்றி மடல்

சர்வர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஃபெடோரா கோர்ஓஎஸ்ஸின் கருவிகளைப் பராமரிப்பவர்களுக்கும், அவற்றுக்கு ஆவணம் எழுதுகிறவர்களுக்கும், நெக்ஸ்ட், டெஸ்டிங் ஸ்ட்ரீம்களில் (ஸ்டேபிளுக்கு முந்தைய வெளியீட்டு வரிசைகளில்) சர்வர் ஓட்டிப் பிழை பதிகிறவர்களுக்கும் வணக்கம்.

முதல் நன்றி, புது மெஷினை அமைத்துக்கொடுக்கும் இக்னிஷனின் பிடிவாதத்துக்கு. முதல் பூட்டில், இனிட்ராம்எஃப்எஸ் (முழு சிஸ்டம் எழுவதற்கு முந்தைய தற்காலிகச் சூழல்) கட்டத்தில், ஒரே ஒரு தடவைதான் அது ஓடும். கான்ஃபிக் (மெஷினை எப்படி அமைப்பது என்று சொல்லும் ஃபைல்) செல்லாது என்றாலோ, சொன்ன வேலையை முடிக்க முடியாவிட்டாலோ மெஷினை எமர்ஜென்சி ஷெல்லில் நிறுத்திவிடும். ராத்திரி கன்சோலைப் பார்ப்பவருக்கு எரிச்சல்தான். ஆனால் பார்ட்டிஷன் பாதி, யூனிட் ஃபைல் பாதி என்று எழுந்து நிற்கும் சர்வரில் பிழை தேடுவது அதைவிடக் கொடுமை.

சோதனை அம்சங்களுக்கு கான்ஃபிக்கின் ஸ்பெக் (வடிவ விதி) பதிப்பெண்ணிலேயே ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்று வால் ஒட்டியதற்குத் தனி நன்றி. 3.4.0 நிலைப்பட்ட பிறகு வந்த இக்னிஷன், 3.4.0-எக்ஸ்பெரிமென்டல் என்று எழுதிய கான்ஃபிக்கை வாங்கவே வாங்காது. கறார்தான். அது இல்லாவிட்டால் ‘தற்காலிகமாக’ எழுதிய வரி புரொடக்‌ஷனில் வருஷக்கணக்கில் குடியிருக்கும். நிலைப்பட்ட ஸ்பெக்குகளைக் கைவிடுவதில்லை என்பதும் முக்கியம்: 3.0.0-க்கு எழுதியதைப் புதிய இக்னிஷனும் படிக்கிறது.

ஆவணக்காரர்களுக்கு நன்றி சொல்லும்போது, புதியவர்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடத்தையும் சொல்லிவிடுகிறோம். ஓடுகிற சர்வரைத் தானியங்கிப் புதுப்பிப்புக் கருவியான ஜின்காட்டி புதுப்பித்துக்கொண்டே போகும். நெட்வொர்க் வழியே மெஷின்களைப் பூட் செய்யும் பிஎக்ஸ்இ சர்வரில் போட்டுவைத்த இமேஜ் இறக்கிய நாளிலேயே நிற்கும். இக்னிஷன் இருப்பது அந்த இமேஜுக்குள். நாம் எழுதும் ஃபைலை இக்னிஷன் கான்ஃபிக்காக மாற்றித் தருவது பியூட்டேன். எஃப்கோஸ் (ஃபெடோரா கோர்ஓஎஸ்) வகை பியூட்டேன் ஃபைலில் பதிப்பை 1.4.0-இலிருந்து 1.5.0-க்கு ஏற்றினால், வெளிவரும் கான்ஃபிக் 3.3.0-இலிருந்து 3.4.0-க்குத் தாவும். 3.3.0 வரை மட்டும் அறிந்த இமேஜ் அங்கேயே படுத்துவிடும். ஆகவே இமேஜை முதலில் மாற்றுங்கள், பதிப்பைப் பிறகு ஏற்றுங்கள். சிஐயில் (மெர்ஜுக்கு முந்தைய தானியங்கிச் சோதனையில்) பியூட்டேனை ‘ஸ்ட்ரிக்ட்’ ஆப்ஷனோடு ஓட்டினால் எச்சரிக்கைகளும் பிழையாகிவிடும். எழுத்துப்பிழையான கீ மெர்ஜுக்கு முன்பே சிக்கும்.

டெஸ்டிங்கில் வருவது சுமார் 2 வாரத்தில் ஸ்டேபிளுக்கு வந்துவிடும். அடுத்த ஃபெடோரா பெரும் பதிப்பு நெக்ஸ்டில்தான் முதலில் தலைகாட்டும். அந்த இடைவெளியில் தங்கள் சர்வரைக் கொடுத்து, ஆர்பிஎம்-ஓஎஸ்ட்ரீ ஸ்டேட்டஸையும் (எந்தப் பதிப்பு ஓடுகிறது என்ற விவரம்) ஜர்னலையும் (சிஸ்டம் லாக்) சேர்த்துப் பிழை பதிகிறவர்களால்தான் ஸ்டேபிளில் இருப்பவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நாலைந்து சர்வர் வைத்திருப்பவர்கள்கூட ஒன்றை டெஸ்டிங்கில் விடலாம். ஸ்டேபிளிலேயே எல்லோருக்கும் முந்திப் புதுப்பிப்பு வேண்டாம் என்றால் ஜின்காட்டியின் ‘ரோலவுட் வேரினஸ்’ இருக்கிறது: 0.0 முதல் 1.0 வரை, மதிப்பு கூடக்கூட அந்த சர்வர் பின்வரிசைக்குப் போகும்.

ஜின்காட்டியின் பீரியாடிக் (குறித்த நேரத்தில் மட்டும் ரீபூட்) முறையில் நேர மண்டலத்தையும் குறிப்பிட வழி வைத்ததற்குக் கடைசி நன்றி. குறிப்பிடாவிட்டால் அது யுடிசி கணக்கு: விடிகாலை ரீபூட் என்று நினைத்து 03:00 போட்டால், இந்தியாவில் காலை 8:30-க்கு, ஆட்கள் லாகின் செய்கிற நேரத்தில், சர்வர் விழும்.

நன்றியுடன்,
சர்வர் பராமரிப்புக் குழுவினர்