ஏரிக்காட்டுக்குப் போகும் மகளுக்கு

ஏற்காடு

அன்புக் கண்ணு,

அங்கே கனடாவில் அல்கோன்குவின் என்ற காட்டுப் பூங்காவுக்குள் தோழியோடு படகில் போகிறேன் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அதே யோசனை. போய் வா, தடுக்கமாட்டேன். ஆனால் "போன் இருக்குதேப்பா" என்றாயே, அதை நம்பி மட்டும் போகாதே.

வனத்துறையில் வயர்லெஸ் செட்டோடு வேலை பார்த்தவன் சொல்கிறேன். சேர்வராயன் கோயில் மேட்டில் நின்று பேசினால் சேலத்தில் கணீரென்று கேட்கும். அதே செட்டோடு கிளியூர் அருவிப் பள்ளத்தில் இறங்கினால், மேலே ரோட்டில் நிற்பவருக்கே கேட்காது. மலை குறுக்கே நின்றால் அலை தாண்டாது. நீ போகும் காடோ 7,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். உள்ளே பெரும்பகுதியில் டவர் கிடையாது.

ஆகவே 406 மெகாஹெர்ட்ஸ் பீக்கன் ஒன்று வாங்கிக்கொள். ஆபத்தில் உதவி கேட்டு செயற்கைக்கோளுக்குச் சிக்னல் அனுப்பும் கையடக்கக் கருவி அது. பணம் நான் அனுப்புகிறேன். மாதச் சந்தா இல்லை. ஏரியலை நிமிர்த்திப் பட்டனை அழுத்தினால், குறைந்தது 24 மணி நேரம் செயற்கைக்கோளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். செயற்கைக்கோள் வழியாகத் தேடும் இந்த ஏற்பாடு முதன்முதலில் உயிர் காத்தது நீ இருக்கும் கனடாவில்தான். 1982 செப்டம்பரில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த சிறு விமானத்தின் சிக்னலைப் பிடித்தது ஒரு சோவியத் செயற்கைக்கோள். மூன்று பேர் பிழைத்தார்கள். அமெரிக்காவும் சோவியத்தும் முறைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் இதில் கைகோத்தார்கள். நினைத்தால் இன்றும் மனசு நெகிழ்கிறது.

வாங்கியதும் உன் பேரில் பதிவு செய்துவிடு, இலவசம்தான். மீட்பு மையத்துக்குச் சிக்னல் வந்தால் பதிவில் உள்ள நம்பருக்குப் போன் போட்டு விசாரிப்பார்கள். கூட வராத, அங்கேயே இருக்கும் ஒருவர் நம்பரைக் கொடு. நான் இங்கிருந்து என்ன சொல்ல முடியும்?

பீக்கனைப் பைக்குள் போடாதே. படகு கவிழ்ந்தால் பை ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். லைஃப் ஜாக்கெட்டிலேயே மாட்டு, கூடவே ஒரு விசிலும். அழுத்திய பிறகு வானம் தெரியும் கரையில் உட்கார்ந்துவிடு. நாம் கேட்கிற மாதிரி பதில் குரல் எதுவும் வராது. கண்ணு, அந்த நேரத்தில்தான் மனசு பதறி நடக்கச் சொல்லும். நடக்காதே. நீ நகர நகரத் தேடுபவர்களுக்கு வேலை கூடும்.

எந்த ராத்திரி எந்த ஏரிக்கரை, எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், எவ்வளவு தாமதமானால் போலீஸைக் கூப்பிட வேண்டும், எல்லாவற்றையும் எழுதி அந்த நம்பர்காரரிடம் கொடு. அங்கே தேடும் பொறுப்பு ஒன்டாரியோ மாகாணப் போலீஸுடையது. தாளைப் போட்டோ எடுத்து எனக்கும் அனுப்பு. கரையேறியதும் முதல் போன் அம்மாவுக்கு.

அன்புடன்,
அப்பா